தோற்றவர்களுக்கு மட்டும் தெரியும் தேர்தல் முறைகேடு

வைகைக்கரை

கேரளத்தில் பரவூர் என்று ஒரு தொகுதி. 1982 மே மாத சட்டமன்றத் தேர்தலில், நாட்டிலேயே முதல் முறையாக மின்னணு இயந்திரத்தில் ஓட்டுப் போட்டது அங்கேதான், 50 சாவடிகளில். இந்திய கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரம் கூடாது என்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றம் போனார். தடை கிடைக்கவில்லை. தேர்தல் நடந்தது. 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர் அதே சிவன் பிள்ளை. உடனே காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் இயந்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். இயந்திரம் வேண்டாம் என்றவர் அந்த வழக்கில் இயந்திரம் தந்த வெற்றியைக் காப்பாற்ற நின்றார். இயந்திர வாக்குப்பதிவுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்தச் சாவடிகளில் வாக்குச்சீட்டு முறையில் மறுபடி தேர்தல் வைத்தது. ஜோஸ் ஜெயித்தார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆட்களும் கட்சிகளும் மாறியிருக்கிறார்கள், நடப்பது இன்றும் இதுதான்.

ஆந்திரத்தைப் பாருங்கள். 2019-ல் சந்திரபாபு நாயுடு 21 எதிர்க்கட்சிகளைத் திரட்டிக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனார். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று இயந்திரத்தோடு அச்சாகிற விவிபாட் சீட்டுகளில் பாதியையாவது எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டார். அந்தத் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 23 இடம், ஜெகன்மோகனுக்கு 151. ஜெகனுக்கு அப்போது இயந்திரத்தில் குறை எதுவும் தெரியவில்லை. 2024 ஜூனில் ஜெகன் 11 இடத்துக்கு வந்தார். அதே மாதம், சீட்டு முறைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதினார். 135 இடம் பிடித்த நாயுடு இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். 2024 நவம்பரில் சீட்டு முறை கேட்டு வந்த ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதிகளே இந்த இருவரையும் உதாரணம் காட்டினார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் ஆதரிக்கிற கட்சி, தான் ஜெயித்த தொகுதியில் நடந்த முறைகேட்டை விசாரிக்கச் சொல்லி எப்போதாவது கேட்டிருக்கிறதா? எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, ஒரு உதாரணம் தாருங்கள்.

தாமரைக்குளம்

உதாரணம் கேட்டீர்கள், எதிர் உதாரணம் நான் தருகிறேன். 2018-ல் காங்கிரஸ் மாநாடு கூட்டி, சீட்டு முறைக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த வருஷக் கடைசியிலேயே ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் மூன்றையும் அதே இயந்திரத்தில் பிடித்தது. எங்கேயாவது பதவி ஏற்க மறுத்தார்களா? 2024 மக்களவையில் 99 இடம் வந்தபோது ஜனநாயகம் வென்றது என்றார்கள். நவம்பரில் மகாராஷ்டிரம் போனதும் மறுபடி இயந்திரம் கெட்டுப்போய்விட்டது. அவர்களுடைய கூட்டணியில் இருக்கும் உமர் அப்துல்லாவே இதைப் பொறுக்க முடியாமல், ஜெயித்தால் கொண்டாடிவிட்டுத் தோற்றால் இயந்திரத்தைக் குறை சொல்லக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

ஆம் ஆத்மியும் அப்படித்தான். 2015-ல் டெல்லியில் 70-க்கு 67. 2017-ல் பஞ்சாபில் தோற்றதும் டெல்லி சட்டமன்றத்துக்குள்ளேயே ஒரு மாதிரி இயந்திரத்தைக் கொண்டுவந்து எப்படி ஏமாற்றலாம் என்று காட்டினார்கள். தேர்தல் ஆணையம், எங்கள் இயந்திரத்தில் செய்து காட்டுங்கள் என்று ஜூன் மாதம் அழைத்தபோது அவர்கள் வரவில்லை. 2022-ல் பஞ்சாபில் 92 இடம். அப்போது இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை.

வைகைக்கரை

நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கதையை 2018-ல் ஆரம்பிக்கிறீர்களே, 2009-ல் இருந்து வாருங்கள்.

2009 மக்களவைத் தேர்தலில் பாஜக தோற்றது. சீட்டு முறைக்குத் திரும்ப வேண்டும் என்று அந்த ஜூலையில் கேட்டவர் எல்.கே.அத்வானி. இயந்திரத்தை நம்பக் கூடாது என்று 2010-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியவர் ஜி.வி.எல்.நரசிம்ம ராவ், பிறகு அந்தக் கட்சியின் செய்தித் தொடர்பாளரும் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனவர். சுப்பிரமணியன் சுவாமி போட்ட வழக்கில்தான் 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் விவிபாட் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2014-க்குப் பிறகு இவர்களில் யாராவது பழைய சந்தேகத்தைப் பற்றி வாய் திறந்தார்களா? நேற்று வரை இயந்திரத்தைச் சந்தேகிப்பது தேசபக்தி, இன்று அதுவே தேசத்துரோகமா?

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி, பெங்களூரு மகாதேவபுராவில் ஒரு லட்சத்துக்கு மேல் போலி வாக்காளர்கள் என்று குற்றம் சாட்டினார். ஆதாரமில்லாத பொய் என்றது பாஜக. ஒரு வாரம்கூட ஆகவில்லை. அனுராக் தாக்கூர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ரேபரேலி, வயநாடு, டயமண்ட் ஹார்பர், நம் ஊர் கொளத்தூர் என்று எதிர்க்கட்சித் தலைவர்களின் தொகுதிகளாகப் பார்த்து, அங்கெல்லாம் பட்டியலில் போலி வாக்காளர்கள் என்றார். எல்லாம் ஒரே ஆணையம் தயாரித்த பட்டியல். நாம் ஜெயித்த இடத்தில் பட்டியல் சுத்தம், அவர்கள் ஜெயித்த இடத்தில் அழுக்கு என்றால் எப்படி? இரண்டு பக்கமும் சேர்ந்து, எங்கள் தொகுதி உள்பட எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

நெய்தல்நிலம்

வைகை அண்ணே, உங்கள் நடுநிலை எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் ஒன்று என்று சொல்லிவிட்டால் இன்றைக்கு அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வசதியாகப் போய்விடும். 2009-ல் அத்வானி கேட்டபோது ஆணையம் என்ன செய்தது, இப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

2024 டிசம்பர் 20 அன்று தேர்தல் நடத்தை விதி 93-ஐத் திருத்தினார்கள். சாவடி கேமரா பதிவு போன்ற மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டு வாங்க முடியாது. அரியானா தேர்தலின் சாவடிப் பதிவுகளைக் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட சில நாளிலேயே இது நடந்தது. 2025 மே மாதம், 45 நாளில் வழக்கு வராவிட்டால் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையமே மாநிலங்களுக்கு எழுதியது. ஒவ்வொரு சாவடியிலும் பதிவான மொத்த ஓட்டைக் குறிக்கும் படிவம் 17சி-யை இணையத்தில் போடுங்கள் என்று 2024 தேர்தலின் நடுவிலேயே கேட்டார்கள், முடியாது என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள்.

தோற்றவன் கத்துகிறான் என்பது சரி. ஆனால் கத்துபவனுக்குக் கணக்கைக் காட்டினால் கத்தல் அன்றே அடங்கிவிடுமே. காட்ட மறுப்பது யார்?

பழையசீட்டு

எதற்கு இத்தனை சண்டை? முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போடுகிற பழைய முறைக்கே போய்விட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. மகாராஷ்டிரத்தில் மார்க்கட்வாடி கிராமத்து மக்கள் தாங்களே சீட்டு அச்சடித்து மறு ஓட்டு நடத்திப் பார்க்கலாம் என்று 2024 டிசம்பரில் கிளம்பினார்கள். போலீஸ் விடவில்லை. பயம் இல்லையென்றால் ஏன் தடுக்க வேண்டும்?

சாவடிவாத்தியார்

இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். பழையசீட்டு தம்பிக்காக எழுதுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியன் நான். சீட்டு காலத்தில் தேர்தல் வேலைக்குப் போக ஆரம்பித்து, பிறகு தலைமை அலுவலராகப் பல தேர்தல் பார்த்தவன்.

மார்க்கட்வாடி இருக்கும் தொகுதியில் ஜெயித்தவரே அந்த மறு ஓட்டை ஆதரித்தார். அதனால் அந்த ஊர்க்காரர்களை நான் மதிக்கிறேன். ஆனால் சீட்டு என்றால் சந்தேகமே வராது என்று நினைக்காதீர்கள். 2024 ஜனவரி 30 அன்று சண்டிகர் மேயர் தேர்தல் சீட்டில்தான் நடந்தது. வாக்களித்தவர்கள் முப்பத்தாறு பேர். ஓட்டு எண்ணிய அதிகாரியே எட்டுச் சீட்டில் பேனாவால் கிறுக்கிச் செல்லாததாக்கி, தோற்றவரை ஜெயித்ததாக அறிவித்தார். மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவு இருந்ததால்தான் உச்ச நீதிமன்றம் மூன்றே வாரத்தில் முடிவை மாற்றி எழுதியது. நெய்தல் சொன்ன கேமரா விஷயம் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இயந்திரத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஓட்டுப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்னால் மாக் போல், அதாவது சோதனை ஓட்டு. இருட்டு விலகாத நேரம். வகுப்பறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பது ஓட்டாவது போட்டுக் காட்ட வேண்டும், எந்த வேட்பாளரும் நோட்டாவும் விடுபடக் கூடாது. பிறகு குளோஸ், ரிசல்ட், கிளியர் பொத்தான்கள். கண்ட்ரோல் யூனிட் சொல்லும் எண்ணிக்கையும் விவிபாட் பெட்டியில் விழுந்த சீட்டும் பொருந்துகிறதா என்று அவர்கள் கண் முன்னால் எண்ணுவோம். அந்தச் சீட்டுகளின் பின்பக்கம் மாக் போல் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு அரக்கு வைப்போம். ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்குவோம். இதில் எந்தக் கட்சியும் ஏமாற்றி நான் பார்த்ததில்லை.

ஏமாற்று நடப்பது பத்து மணிக்கு மேல், முதல் போலிங் ஆபீசர் மேஜையில். அங்கேதான் அடையாளம் பார்க்கிறோம். பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாக வாசிப்போம், ஏஜெண்டுகள் தங்கள் கையில் உள்ள பட்டியலில் கோடு போடுவார்கள். வந்தவர் அந்த ஆள் இல்லை என்று ஒரு ஏஜெண்டுக்குத் தெரிந்தால் ஆட்சேபிக்கலாம். கட்ட வேண்டிய தொகை வெறும் இரண்டு ரூபாய். சேலஞ்ச் ஓட்டு என்போம். நான் விசாரிக்க வேண்டும், ஆள்மாறாட்டம் என்று உறுதியானால் போலீசில் ஒப்படைக்க வேண்டும். அந்த இரண்டு ரூபாய் ரசீதை எத்தனை தேர்தலில் கிழித்திருப்பேன் என்கிறீர்கள்? அநேகமாகக் கிழித்ததே இல்லை.

ஏன் என்று கேட்டால், ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். இந்தக் கட்சி ஏஜெண்ட் அவனுடைய ஆளை விடுவான், அந்தக் கட்சி ஏஜெண்ட் இவனுடைய ஆளை விடுவான். வெளியூர் போனவன், இறந்துபோனவன் ஓட்டுகளை இரண்டு பேரும் பேசிப் பங்கு வைத்துக்கொண்ட சாவடிகள் உண்டு. ஊரில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் பெயர்கள் உள்ள ஏ.எஸ்.டி. பட்டியல் என் மேஜையில் இருக்கும், அதில் உள்ள பெயருக்கு ஆள் வந்தால் கைரேகை, கையெழுத்து, ஆவணம் எல்லாம் கூடுதலாக வாங்க வேண்டும். அந்தப் பட்டியல் ஒழுங்காக இருந்தால் நான் பிடிப்பேன். இல்லாவிட்டால் ஏஜெண்ட்தான் பிடிக்க வேண்டும், அவர் வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு தேர்தலில் பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் வந்தார், கைக்குழந்தையோடு. அடையாள அட்டை சரியாக இருந்தது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஏற்கெனவே யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நிமிர்ந்து ஏஜெண்டுகளைப் பார்த்தேன். ஒருவர் செல்போனைப் பார்த்தார், இன்னொருவர் ஜன்னலைப் பார்த்தார். இருவரும் எதிரெதிர்க் கட்சி. 49P விதிப்படி அந்தப் பெண்ணுக்கு டெண்டர் ஓட்டுக் கொடுத்தேன். இயந்திரத்தில் போட முடியாது, சீட்டில் குத்தி உறையில் போட வேண்டும். இதை எண்ணுவீர்களா சார் என்று கேட்டார். வழக்குப் போய் நீதிமன்றம் சொன்னால்தான் எண்ணுவார்கள் என்றேன். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குத்திவிட்டுப் போனார். அன்று மாலை நான் 17சி எழுதும்போது இரண்டு ஏஜெண்டுகளும் கையெழுத்துப் போட்டார்கள். ஆட்சேபம் ஏதுமில்லை.

தாமரைக்குளம்

வாத்தியார் சார், வணக்கம். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இதைத்தானே நாங்களும் சொல்கிறோம்? பட்டியலில் செத்தவன் பெயரும் ஊரை விட்டுப் போனவன் பெயரும் இருப்பதால்தான் கள்ள ஓட்டு. அதைச் சுத்தம் செய்ய ஆணையம் வீடு வீடாகப் படிவம் கொடுத்துச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) கொண்டுவந்தால் ஏன் எதிர்க்கிறார்கள்?

செங்காந்தள்

நான் திருப்பூரில் வாடகை வீட்டில் இருப்பவள், பனியன் கம்பெனியில் வேலை. உங்கள் கேள்விக்கு என் தெருவில் இருந்து பதில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ஆம் தேதி படிவம் கொடுக்க ஆரம்பித்தார்கள். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர் இல்லை. இறந்தவர்கள் சுமார் 27 லட்சம் என்றார்கள். இரட்டைப் பதிவு மூன்று லட்சத்துச் சொச்சம். மீதி 66 லட்சத்துக்கு மேல் இடம் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள். அந்த மீதியில்தான் எங்களைப் போன்றவர்கள் வருகிறோம். பதினொரு மாதத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிறோம். காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறினால் இரவுதான் வீடு. கதவு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டுப் போனால் நான் இல்லாதவள் ஆகிவிடுவேனா? எங்கள் காம்பவுண்டில் பக்கத்து வீட்டு அக்கா மூன்று தேர்தலில் ஓட்டுப் போட்டவர். 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே என்று படிவத்தில் கேட்டார்கள். அவர் பெற்றோர் அந்தக் காலத்தில் செங்கல் சூளை சூளையாகப் போனவர்கள். அவர் எந்த ஊர்ப் பட்டியலில் போய்த் தேடுவார்?

கள்ள ஓட்டைத் தடுப்பதில் எனக்கு உங்களைவிட அக்கறை அதிகம். ஆனால் என்னை நீக்கிவிட்டுப் பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று சொல்லாதீர்கள்.

இதற்கும் வைகை அண்ணன் சொன்னதுதான் பொருந்தும். 2017-ல் ஆர்.கே.நகரில் போலி வாக்காளர் ஏராளம், நீக்குங்கள் என்று உயர் நீதிமன்றம் போனது திமுக. அப்போது அதிமுக ஆட்சி, அவர்களுக்கு அதில் அவசரம் இல்லை. 2025-ல் தீவிரத் திருத்தம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் போனது திமுக, வேண்டும் என்று ஆதரித்தது அதிமுக. இரண்டு கட்சிக்கும் எங்கள் தெருவில் வாக்குச்சாவடி நிலை முகவர் இருக்கிறார். நீக்கப்பட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு இருவரும் வீடு வீடாக வந்தார்கள்தான். தங்களுக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று நினைத்த வீட்டுக்கு மட்டும் வந்தார்கள்.

நெய்தல்நிலம்

செங்காந்தள், நீக்கு என்று 2017-ல் கேட்டதும் இப்போது எதிர்ப்பதும் முரண் இல்லை. ஒரு தொகுதியில் குறிப்பிட்ட போலிப் பெயர்களைக் காட்டி நீக்கச் சொல்வது வேறு. தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது, மழைக்காலத்தில், ஆறு கோடிச் சொச்சம் பேரையும் நீ வாக்காளன் என்று நிரூபி என்பது வேறு. பீகாரில் வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர் போனது. யார், ஏன் என்ற விவரத்தை வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது. தானாக வெளியிட ஆணையத்துக்கு என்ன தடை?

செங்காந்தள்

முறை தப்பு என்பதில் உங்களோடுதான் நிற்கிறேன், நெய்தல். ஆனால் அந்த 2017 பட்டியல் எட்டு வருஷத்தில் தானாகச் சரியாகியிருக்காதே. 2021-க்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பட்டியலில் வழக்கமான சுருக்கத் திருத்தம் நடந்தது. தாங்கள் ஜெயித்த தொகுதிகளில் இறந்தவர் பெயர்களை எடுக்கச் சொல்லி எந்தக் கட்சியாவது படிவம் 7 கொண்டுபோய்க் கொடுத்ததா? அதை ஒழுங்காகச் செய்திருந்தால் இப்படி ஒரேயடியாக வெட்டுவதற்குக் காரணமே கிடைத்திருக்காது.

மானாவாரி

பட்டியல், இயந்திரம் எல்லாம் பேசிவிட்டீர்கள். காசைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் மாவட்டத்தில் கள்ள ஓட்டு தேவையே இல்லை. நல்ல ஓட்டையே வாங்கிவிடுகிறார்கள்.

2009 திருமங்கலம் இடைத்தேர்தலில் காசு புழங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதியிலும் பணம் புழங்கியது என்று தேர்தலை நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர். அமைச்சர் விஜயபாஸ்கர் வீட்டில் வருமான வரிச் சோதனை, 89 கோடி ரூபாய் விநியோகக் கணக்கு என்று காகிதங்கள் வெளியே வந்தன. தேர்தல் ரத்து. டிசம்பரில் மறுபடி நடந்தபோது 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று ஊரே பேசியது. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019 ஏப்ரலில் வேலூர். துரைமுருகனுக்கு நெருக்கமானவர் இடத்தில் 11 கோடிக்கு மேல் பிடிபட்டது, மக்களவைத் தொகுதி ஒன்றில் பணத்துக்காகத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை.

இப்போது கட்சிகள் பேசியதை வரிசையாக வையுங்கள். ஆர்.கே.நகரில் பணத்தைப் பார்த்துக் கொதித்த திமுக, வேலூரை ரத்து செய்தபோது அது ஜனநாயகத்துக்கு விரோதம் என்றது. ஆர்.கே.நகரில் குற்றம் சாட்டப்பட்ட அதிமுக, வேலூரில் பிடிபட்ட பணத்தைக் காட்டிப் பிரச்சாரம் செய்தது. ஆகஸ்டில் மறு தேர்தல் நடந்து, பணம் பிடிபட்ட அதே தரப்பின் வேட்பாளர் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

எங்கள் தெருவில் எப்படி நடக்கும் என்றும் சொல்கிறேன். ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் கரண்ட் போகும். பட்டியல் நகலோடு இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் டார்ச் பிடிப்பார், ஒருவர் வாசிப்பார். இந்த வீட்டில் நாலு ஓட்டு என்று நம்மைவிடச் சரியாகச் சொல்வார்கள். கவரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பெயருக்கு நேரே டிக் அடிப்பார்கள். அடுத்த நாள் இரவு இன்னொரு கட்சி, அதே பட்டியல், அதே டிக். வாங்க மாட்டேன் என்று என் அப்பா சொன்னபோது, அப்போ நீங்க அவங்க ஆளா என்று கேட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அதையே கேட்டார்கள்.

நெய்தல்நிலம்

மானாவாரி, காசு கொடுப்பதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன், என் கட்சியாக இருந்தாலும். ஆனால் சோதனை யார் வீட்டுக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும் இல்லையா? வேலூரில் எதிர்த்து நின்ற ஏ.சி.சண்முகம் பக்கம் அப்படிச் சோதனை போனதாக நான் படிக்கவில்லை. ஒரு கண்ணால் பார்க்கிற காவல் காவலே இல்லை.

மானாவாரி

கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை, பிடிபட்ட பணம் யாருடையது என்ற கேள்விக்குப் பதிலாக வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அதுதான் நடக்கிறது. அவன் வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டுக்கேட்டே, நம் வீட்டில் கிடைத்ததைப் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

வைகைக்கரை

முதல் பதிவில் ஒரு உதாரணம் கேட்டேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. ஆனால் மாறுபட்ட ஒரு செய்தியை நானே சொல்கிறேன், ஏனென்றால் இது கட்சி எல்லையைத் தாண்டியது.

2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சீட்டு முறையை மறுத்தது. ஆனால் ஒரு வழியையும் திறந்துவிட்டது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். அப்போது கட்டணம் ஒரு செட்டுக்கு வரியோடு 47,200 ரூபாய். இயந்திரத்தில் யாரோ கைவைத்தது தெரிந்தால் பணம் திரும்பி வரும். அந்த ஜூனில் நாடு முழுக்க இப்படிக் கேட்ட மக்களவை வேட்பாளர்கள் எட்டுப் பேர். யார் யார் தெரியுமா? அகமதுநகரில் தோற்ற பாஜகவின் சுஜய் விகே பாட்டீல் 40 சாவடிகளுக்குக் கேட்டார். வேலூரில் தாமரைச் சின்னத்தில் நின்ற அதே ஏ.சி.சண்முகம் கேட்டார். விருதுநகரில் நாலாயிரத்துச் சொச்சத்தில் தோற்ற தேமுதிகவின் விஜய பிரபாகரன் கேட்டார். காங்கிரஸ்காரர்களும் ஒய்எஸ்ஆர் காங்கிரஸ்காரரும் அந்தப் பட்டியலில் உண்டு.

தாமரைக்குளம், உங்கள் கட்சி வேட்பாளரும் சந்தேகப்பட்டிருக்கிறார். அது தேசத்துரோகம் இல்லை, அவருக்குள்ள உரிமை. நெய்தல், உங்கள் கூட்டணி ஜெயித்த வேலூரிலும் விருதுநகரிலும் சோதனை கேட்டபோது, தாராளமாகப் பாருங்கள் என்று உங்கள் பக்கத்தில் ஒருவரும் சொன்னதாக நான் படிக்கவில்லை. 543 தொகுதியில் எட்டுப் பேர்தான் கேட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மேடையில் கத்தியவர்கள் எத்தனை பேர், மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்.

தாமரைக்குளம்

சுஜய் விகே விஷயம் எனக்குத் தெரியும், எங்கள் ஆட்கள் அதைப் பேச விரும்புவதில்லை என்பதும் தெரியும். கேமரா பதிவை மூடியதில் எனக்கு உடன்பாடு கிடையாது. சண்டிகரில் அந்த அதிகாரி எங்கள் கட்சியோடு தொடர்புடையவர். எங்களிடமிருந்து ஒரு கண்டன அறிக்கையாவது வந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் தீவிரத் திருத்தம் அவசியம் என்பதில் மாற்றமில்லை. செங்காந்தள் சகோதரி சொன்ன மாதிரி வாடகை வீட்டுக்காரர்களை விட்டுவிடாமல் செய்ய வழி கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

செங்காந்தள்

சகோதரி என்றதற்கு நன்றி. வாத்தியார் சார், ஒரு உதவி. எங்கள் காம்பவுண்டில் ஆறு பேர் பெயர் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் பார்த்துக்கொள்கிறோம் என்று படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களை நம்பி உட்காரலாமா?

சாவடிவாத்தியார்

உட்காராதே அம்மா. ஆறு பேரும் தனித்தனியாகப் படிவம் 6 போடுங்கள், உறுதிமொழிப் படிவத்தையும் சேர்த்து. முடிந்தால் இணையத்தில் போட்டு, வருகிற குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெயரும் செல்போன் எண்ணும் பாகப் பட்டியலோடு இருக்கும், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருக்கும்போது வரச் சொல்லிக் கேளுங்கள். அவர்களும் எங்களைப் போலப் பள்ளிக்கூடம், அங்கன்வாடி வேலை முடித்துவிட்டு அலைபவர்கள்தான், முறையாகக் கேட்டால் வருவார்கள். விசாரணைக்கு நோட்டீஸ் வந்தால் அதில் கேட்டிருக்கும் ஆவணங்களை எடுத்துப் போங்கள். வாக்காளர் பதிவு அலுவலர் மறுத்தால் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு உண்டு.

அப்புறம் மானாவாரி, நெய்தல், தாமரைக்குளம் உங்கள் மூவருக்கும் ஒன்று. உங்கள் கட்சி சார்பில் பூத் ஏஜெண்டாக உட்கார ஆள் தேடுவார்கள். நீங்களே போய் உட்காருங்கள். ஐந்து மணிக்கு டீ குடிக்கப் போய்விட்டு அப்படியே வீட்டுக்குப் போகாமல், கடைசி வரை இருந்து 17சி நகலை என் போன்றவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கண்ட்ரோல் யூனிட் எண், மொத்த ஓட்டு இரண்டும் அதில் இருக்கும். எண்ணிக்கை மேஜையில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். சேலஞ்ச் பண்ண இரண்டு ரூபாய்ச் சில்லறையும் சட்டைப் பையில் இருக்கட்டும், உங்கள் கட்சிக்கு ஓட்டுப் போட வந்த கள்ள ஆளாக இருந்தாலும்.

மானாவாரி

உட்காருகிறேன் சார். என் சாவடியில் போன தடவை எங்கள் தரப்பு ஏஜெண்டாக இருந்தவர் என் பெரியப்பா மகன். அவரிடம் இன்றைக்கே பேசுகிறேன்.